வீட்டுக்கு அனுப்பிய வார்த்தைகள்

மாபூலெங் டீச்சரை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றுக்கு மூக்குச் சிந்திவிட்டுக்கொண்டிருந்தார். நான் பட்டம் வாங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. என் அப்பா ஆடு மேய்த்தவர், அவருடைய அப்பாவும் ஆடு மேய்த்தவர். எங்கள் குடும்பத்தில் பேனா பிடித்துச் சம்பளம் வாங்கப் போகும் முதல் ஆள் நான்தான். அதனால் மலைமேல் இருக்கிற ஹா லெசியா ஊர்ப் பள்ளிக்கு வந்த அன்றே எல்லாவற்றையும் மாற்றிவிடுகிற வேகம். ஏழாம் வகுப்பு அலமாரியைத் திறந்தால், அடித்தட்டில் சோளமாவுச் சாக்கில் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டிய ஒரு பொதி. அவிழ்த்தேன். எல்லாம் ஒரே புத்தகத்தின் பிரதிகள். போர்க்காலக் குதிரைகளைப் பற்றிய ஒரு நாவல். கதை வழியாகப் பிள்ளைகளின் சொல்வளத்தை வளர்ப்பதைப் பற்றித்தான் நான் கல்லூரியில் கட்டுரை எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தேன். ஒரு பிரதியைக் கையில் எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன்.

“ம்மே, இவ்வளவு நல்ல புஸ்தகத்தை ஏன் மூட்டை கட்டி வெச்சிருக்கீங்க?” என்றேன். ம்மே என்றால் எங்களுக்கு அம்மா, டீச்சரும் அதில் அடக்கம்.

“படிச்சாச்சு அபுத்தி,” என்றார், தம்பி என்று அழைப்பது போல.

“கடைசி அத்தியாயமெல்லாம் புரட்டவே இல்லையே. தாள் மொறமொறன்னு இருக்கு.”

அவர் மூக்குத் துடைத்த துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். “வந்த அன்னைக்கே அலமாரியைக் குடையறே. நல்லா வருவே,” என்றார். அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அவர் சொன்னதும், ஊரில் மற்றவர்கள் சொன்னதும், சொல்லாமல் விட்டதும் சேர்ந்ததுதான் இது.

மாபூலெங் என்றால் பூலெங்கின் அம்மா. கல்யாணமாகி வந்த அன்றே, பிறக்கப்போகும் பிள்ளையின் பெயரால் மருமகளுக்குப் பெயர் வைத்துவிடுவார்கள். பூலெங் பிறக்கவே இல்லை. கணவர் எல்லைக்கு அப்பால் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்து, நெஞ்சு நிறையத் தூசியோடு திரும்பி, வீட்டில் கொஞ்ச காலம் இருமிக்கொண்டிருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். மாபூலெங்கிடம் பெயரும் பள்ளி வேலையும் மிஞ்சின.

ஏழாம் வகுப்பின் முடிவில் அரசுத் தேர்வு. அதில் தேறினால்தான் கேம்ப் என்று எல்லோரும் சொல்கிற மாவட்டத் தலைநகரத்தில் உயர்நிலைப் பள்ளி. பிள்ளைகள் கவிழ்வதெல்லாம் ஆங்கிலத்தில். வருடா வருடம் பாட்டுப் போல ஒரே வாக்கியத்தை மனப்பாடம் செய்வார்கள்: பூனை மேசைக்கு அடியில் இருக்கிறது. ஹா லெசியாவில் பாதி வீடுகளில் மேசை கிடையாது. பூனையை வீட்டில் விடுகிறவர்களும் குறைவு.

அந்த நேரத்தில்தான் யாரோ புண்ணியவான் அனுப்பிய பெட்டியில் குதிரை நாவல் வந்து இறங்கியது. நூறு வருடத்துக்கு முந்தைய போர். எங்கள் மலையில் பிறந்த அண்ணன் தம்பிக் குதிரைகள் இரண்டைச் சமவெளியில் ராணுவத்துக்கு விற்றுவிடுகிறார்கள். ஒன்று பீரங்கி இழுக்கிறது. மற்றது, தம்பி, முற்றுகையிடப்பட்ட ஊருக்குள் மாட்டிக்கொண்டு, தினம் தினம் தன் கூட்டத்தில் ஒரு குதிரை சமையல் கூடாரத்துக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. குதிரையைத் தின்பார்களா என்று கேட்டு ஒரு பையன் வாந்தி எடுத்தான். குதிரை முதுகிலேயே வளர்கிற பிள்ளைகள். அதற்குப் பிறகு அவர்களை அந்தப் புத்தகத்திலிருந்து பிரிக்க முடியவில்லை.

மாபூலெங் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். வெள்ளிக்கிழமை ஆளுக்கு ஒரு வார்த்தை, நாவலிலிருந்து. அதை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். திங்கட்கிழமை அந்த வார்த்தையை வைத்து ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். வாக்கியம் உண்மையாக இருக்க வேண்டும், அவரவர் வீட்டில் நடந்ததாக இருக்க வேண்டும். யாராவது கதை விட்டால் வகுப்பே சும்மா இருக்காது. விரல் முட்டியால் பெஞ்சுப் பலகையைத் தட்டும். ஒருவருடைய வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்பது மற்றவர்களுக்கெல்லாம் தெரிந்த ஊர் அது. தட்டு விழுந்தால் அந்தப் பிள்ளை உண்மையைச் சொல்லிவிட்டுத்தான் உட்கார வேண்டும்.

“எங்க பெரியம்மா பிள்ளைகளோட வந்து எங்க வீட்டை முற்றுகை போட்டிருக்காங்க,” என்றான் ஒருவன்.

“எங்க வீட்ல சர்க்கரை அம்மா கையால பங்கீடு. அப்பா கேட்டாலும் பங்கீடுதான்.”

“எங்க அப்பா எதுக்கும் பின்வாங்க மாட்டார்.”

தட் தட் தட் என்று பலகைகள் அதிர்ந்தன. பையன் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, “அம்மா விறகுக்கட்டையை எடுத்தா பின்வாங்குவார்,” என்றான். மாபூலெங்குக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை.

கெனெவே மட்டும் வாயைத் திறக்காத பெண். பேச ஆரம்பித்தால் முதல் எழுத்திலேயே திக்கும். அதனால் ஆரம்பிப்பதே இல்லை. அப்பா சுரங்கத்துக்குப் போனவர், அங்கேயே வேறு குடும்பம் கட்டிக்கொண்டார். அம்மா மாலிடியா வீட்டில் சோள பீர் காய்ச்சி விற்பவள். குடும்பத்தைத் தாங்கியது தாய்மாமன் ட்லாலி. சீருடை அவன் வாங்கிக்கொடுத்தது. காலணியும், அதற்கு ஒரு டப்பா கறுப்புப் பாலிஷும் அவன் வாங்கிக்கொடுத்ததுதான். தேறினால் கேம்ப்புக்கு அனுப்பிப் படிக்கவைக்கிறேன் என்று பள்ளி வாசலில் வைத்தே சொல்லியிருந்தான். அவனுக்கு எங்கிருந்து காசு வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. மலையில் அது கேட்கக்கூடாத கேள்வி.

வாய் திறக்காத பிள்ளைகளைத் தேர்வுக்கு அனுப்பி ரிசல்ட்டைக் கெடுக்க வேண்டாம், இன்னொரு வருடம் உட்காரட்டும் என்று தலைமை ஆசிரியர் சொல்லிக்கொண்டிருந்தார். இன்னொரு வருடம் உட்கார்ந்தால் கெனெவே பீர்ப் பானை கழுவத்தான் போவாள் என்று மாபூலெங்குக்குத் தெரியும். பெற்றோர் கூட்டத்தில் பிள்ளைகள் எல்லோரும் எழுந்து தங்கள் வாக்கியத்தைச் சொல்லப்போகிறார்கள். அதில் கெனெவேயும் சொல்லிவிட்டால் தலைமை ஆசிரியர் வாயை அடைத்துவிடலாம். அந்த வாரம் அவளுக்குக் கொடுத்த வார்த்தை உருமறைப்பு. நாவலில் சிப்பாய்கள் வெள்ளைக் குதிரைகளின் மேல் மருந்துச் சாயம் பூசி, எதிரியின் கண்ணுக்கு மண் நிறமாக்கி ஓட்டிப்போவார்கள்.

திங்கட்கிழமை காலை, வகுப்பு தொடங்கும் முன்பே, கெனெவே மேசையருகே வந்து நின்றாள். ஆங்கிலத்தில், ஒரு எழுத்துக்கூடத் திக்காமல் சொன்னாள்:

“என் மாமா என்னுடைய ஷூ பாலிஷை எடுத்து எங்கள் புதுக் குதிரையின் நெற்றி வெள்ளைக்கு உருமறைப்புச் செய்தார்.”

மாபூலெங்குக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அதை அவர் என்னிடம் மறைக்கவில்லை. நீளமான வாக்கியம், சொல் அதனதன் இடத்தில், பிழையே இல்லை. அந்தச் சந்தோஷத்துக்குள்ளிருந்துதான் மற்றது மெல்ல மேலே வந்தது.

“எதுக்கும்மா பூசினார்?”

“வெள்ளையா இருக்கிற இடத்துல தோல் வெந்துபோகுமாம் ம்மே, வெயில்ல. மாமா சொன்னாங்க.”

வெள்ளை நெற்றி வெயிலில் வெந்துபோவது உண்மைதான். ஆனால் அதற்காக யாரும் பாலிஷ் பூசுவதில்லை. போன பனிக்காலத்தில் ஆற்றுக்கு அந்தப் பக்கம், பெரிய மந்தைக்காரர் லெபுசாவின் மேய்ச்சல் குடிசையில் திருடர்கள் புகுந்து குதிரைகளை ஓட்டிப்போயிருந்தார்கள். குறுக்கே வந்த அவருடைய தங்கை மகனைச் சுட்டுப் பனியிலேயே போட்டுவிட்டுப் போனார்கள். அந்தக் குதிரைகளில் ஒன்று நெற்றியில் வெள்ளை இறங்கிய கறுப்பு. இதெல்லாம் மலையே அறிந்த சங்கதி.

ஊர்த்தலைவரிடம் போயிருக்கலாம். ட்லாலியைத் தனியாகக் கூப்பிட்டு எச்சரித்திருக்கலாம். தலைவரிடம் போனால் ட்லாலி ஜெயிலுக்கு, கெனெவே பீர்ப் பானைக்கு. ட்லாலியிடம் போனால், டீச்சருக்குத் தெரிந்துவிட்டது என்று அவனுக்குத் தெரிந்துவிடும். அப்புறம் அவனுக்குப் பின்னால் இருக்கிற ஆட்களுக்கும் தெரியும். தேர்வு முடியட்டும் என்று மாபூலெங் நினைத்தார். அதுவரை அந்த வாக்கியம் அந்த மேசையைத் தாண்டக்கூடாது.

“கெனெவே, ரொம்ப நல்லா சொன்னே. கூட்டத்துல மட்டும் வேற ஒண்ணு சொல்லு. எங்கள் நாய் புல்லுக்குள் படுத்து உருமறைப்புச் செய்துகொள்கிறது. இது போதும்.”

“எங்க வீட்ல நாய் இல்லையே ம்மே.”

“அன்னைக்கு ஒரு நாள் இருக்கட்டும்.”

அந்தப் பெண் அவரைப் பார்த்த பார்வையை அவரால் மறக்க முடியவில்லை. உண்மையைத் தவிர வேறெதையும் ஏற்காத டீச்சர், முதல்முறையாகப் பொய் சொல்லிக் கொடுக்கிறார்.

கூட்டம் பள்ளி முற்றத்தில். பீச் மரங்கள் பூத்திருந்தாலும் குளிர் போகவில்லை. ஆண்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சுவரோரம் நின்றார்கள், பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகளுக்காகப் பெஞ்சுகளை வெளியே தூக்கிப் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையும் முதலில் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும், பிறகு பெற்றோருக்காக நம் பாஷையில். முற்றுகை வந்தது, பங்கீடு வந்தது. பெரியம்மாவே கூட்டத்தில் இருந்தாள். “சோறு போட மூக்கால அழுதுட்டு, பேச்சைப் பாரு,” என்றாள். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. பள்ளிக் குழு உறுப்பினர் என்ற முறையில் லெபுசா முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவரும் சிரித்தார்.

கெனெவே எழுந்தாள். அவள் காலணி மட்டும் பளபளப்பில்லாமல் சாம்பல் பூத்திருந்தது. நாயைப் பற்றிச் சொன்னாள். ‘எங்கள்’ என்ற முதல் சொல்லிலேயே திக்கி, தொண்டையைச் செருமி, ஒருவழியாக முடித்தாள்.

தட்.

முதலில் யார் தட்டியது என்று மாபூலெங் கடைசிவரை யாரிடமும் கேட்கவில்லை. பிறகு எல்லாப் பலகைகளும் தட்டின. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பழக்கிய கைகள், வகுப்பில் தட்டுவது போலவே தட்டின. பெற்றோருக்கும் இது வேடிக்கை. “என்ன, பாப்பா பொய் சொல்லிடுச்சா?” என்று ஒருவர் கேட்டார்.

“போதும், அடுத்தவங்க வாங்க,” என்றார் மாபூலெங்.

“இருங்க டீச்சர், இதுதான் இவங்க வகுப்பு வழக்கம்,” என்று தலைமை ஆசிரியர் பெருமையோடு கூட்டத்துக்கு விளக்கினார். “தட்டு விழுந்தா உண்மையைச் சொல்லிட்டுத்தான் உக்காரணும். சொல்லும்மா.”

கெனெவே டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. பயந்துபோயிருந்த பெண் அதை எப்படி எடுத்துக்கொண்டாளோ தெரியவில்லை. முழு வாக்கியத்தையும் சொன்னாள், ஆங்கிலத்தில், திக்காமல். தலைமை ஆசிரியர் கை தட்டினார். “நம்ம பாஷையிலயும் சொல்லு, எல்லாரும் கேக்கட்டும்.”

சொன்னாள். பலகைகள் தட்டவில்லை.

லெபுசா நாற்காலியிலிருந்து எழவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. “பாப்பா, அந்தக் குதிரைக்கு வேற எங்கயாச்சும் வெள்ளை இருக்கா?”

“பின்னங்கால்ல ந்தாதே. இடது கால். அதுக்கும் பூசினாங்க,” என்றாள், ஐயா என்று பெரியவர்களை அழைக்கிற அந்த மரியாதையோடு.

அவர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். “பிள்ளை நல்லா பேசுது,” என்றார் மாபூலெங்கிடம். “நீங்க சிரமப்பட்டிருக்கீங்க.” வேலியோரம் கட்டியிருந்த குதிரையில் ஏறி, ஆற்றுப் பக்கமாகப் போனார். ஓட்டவில்லை, நடையில்தான் போனார். அதுதான் எல்லோரையும் பயமுறுத்தியது. ஆட்களைச் சேர்க்கப் போகிறார் என்று தெரிந்துவிட்டது.

மாபூலெங் கெனெவேயின் கையைப் பிடித்துக்கொண்டு மேட்டிலிருந்த அவள் வீட்டுக்கு ஓடினார். லெபுசா திரும்புவதற்குள் அந்தக் குதிரை அந்த வீட்டைவிட்டுப் போயாக வேண்டும்.

ட்லாலி கல் பட்டியின் சுவரில் உட்கார்ந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தான். “என்ன டீச்சர், மூச்சு வாங்குது? என் மருமக ஃபெயிலா? சொல்லுங்க, தாங்கிக்கறேன்.”

மாபூலெங் சொன்னார். சொல்லச் சொல்ல அவன் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. கண் மட்டும் மாறியது.

“இப்பவே தலைவர் பட்டியில கொண்டுபோய் விடு ட்லாலி. வழி தவறி வந்ததுன்னு சொல்லு. எல்லாரும் பாக்கிற மாதிரி நடத்திக் கூட்டிட்டுப் போ.”

“முகத்துல பாலிஷோட வழி தவறி வந்துச்சா?”

“கழுவிக்கலாம். நான் தண்ணி கொண்டுவரேன்.”

“டீச்சர், குதிரையைக் கேட்டா குடுத்துடலாம். பையனை எவன் சுட்டான்னு கேப்பாங்க.”

“நீ சுட்டியா?”

“நான் சுடலை. வெச்சிருன்னாங்க, வெச்சிருந்தேன். யாருன்னு சொன்னா இவங்க ரெண்டு பேரும் இந்த வீட்ல படுக்க முடியாது.” அக்கா நின்றிருந்த வாசலைக் காட்டினான். மாலிடியா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

அவன் சுவரிலிருந்து குதித்து கெனெவேயின் தலையில் கை வைத்தான். அடிக்கப்போகிறான் என்று மாபூலெங் குறுக்கே வந்தார்.

“எல்லார் முன்னாலயும் சொன்னியா?”

“சொன்னேன் மாமா.”

“திக்கிச்சா?”

“திக்கலை.”

“ம்,” என்றான். சேணத்தை எடுத்துக் கறுப்புக் குதிரையின் மேல் போட்டான். போலீஸில் ஒப்படைக்கக் கேம்ப்புக்குப் போகிறேன் என்றான். எல்லையைத் தாண்டி ஓடுகிறவனும் அதே கணவாய் வழியாகத்தான் போக வேண்டும். எதற்குப் போனான் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அக்காவிடம் கம்பளி கேட்டு வாங்கிப் போர்த்திக்கொண்டு, இருட்டுவதற்குள் மேலே ஏறிவிட வேண்டும் என்று ஏறினான். மாபூலெங் பார்த்துக்கொண்டே நின்றார். இங்கிருந்து போய்விட்டான், அதுவே போதும் என்றுதான் அப்போது தோன்றியது.

காலையில் கணவாய்க்குக் கீழே ஆடு மேய்ப்பவர்கள் அவனைக் கண்டார்கள். கம்பளியில் துளைகள் இருந்தன. குதிரை அதற்குள் லெபுசாவின் பட்டியில் நின்றது, நெற்றி கழுவி, வெள்ளை வெளேரென்று. போலீஸ் வந்து விசாரித்தது. பள்ளி முற்றத்தில் அத்தனை பேர் கேட்ட வாக்கியத்தை ஒருவரும் கேட்டதாகச் சொல்லவில்லை. மாபூலெங்கிடமும் கேட்டார்கள். பெற்றோர் கூட்டம் நன்றாக நடந்தது என்று சொன்னார்.

அடக்கத்தன்று பெண்கள் வரிசையில் அவருக்கு யாரும் இடம் விடவில்லை. சமையல் பாத்திரங்களிடம் போய் நின்றார். மாலிடியா அங்கே வந்தாள். அழுது முடித்திருந்தாள்.

“மத்த டீச்சருங்க பொய் சொன்னா அடிப்பாங்க ம்மே. நீங்க உண்மையச் சொல்ல வெச்சு அடிச்சிட்டீங்க.”

“நான் வேற சொல்லச் சொன்னேன், மாலிடியா.”

“தெரியும். அவ சொன்னா. அப்போ உங்களுக்கு முன்னாலயே தெரிஞ்சிருக்கு.” கரண்டியை எடுத்துக் கொப்பரையைக் கிளறினாள். “தெரிஞ்சும் என் தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. அத்தனை வார்த்தை வெச்சிருக்கீங்க.”

கெனெவே சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். துக்கத்துக்காகத் தலையை மழித்திருந்தார்கள். மாபூலெங் அருகில் போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பெண் உதட்டைத் திறந்தாள். முதல் எழுத்து வரவில்லை. மூடிக்கொண்டாள்.

அடுத்த திங்கட்கிழமை மாபூலெங் வகுப்புக்குப் போனார். நாவலில் முற்றுகை இன்னும் உடையவில்லை. தம்பிக் குதிரை உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளப் பிள்ளைகள் புத்தகங்களைத் திறந்து வைத்திருந்தார்கள். மூன்று பேர் சேர்ந்து பார்க்கிற ஒரு புத்தகத்தின் முன்னால் மட்டும் நடு இடம் காலியாக இருந்தது.

“கெனெவேக்கு உடம்பு சரியில்லை,” என்றார் மாபூலெங். “சரியானதும் வந்துடுவா. நாம பாடத்தை ஆரம்பிப்போம்.”

பின் பெஞ்சில் ஒரு தட்டு. பிறகு பக்கத்தில் ஒன்று. யாரும் சிரிக்கவில்லை, யாரும் அவரைப் பார்க்கவும் இல்லை. குனிந்தபடியே தட்டினார்கள், வகுப்பு முழுவதும்.

தட்டு விழுந்தால் உண்மையைச் சொல்லிவிட்டுத்தான் உட்கார வேண்டும். மாபூலெங் உட்காரவில்லை. ஒவ்வொரு பெஞ்சாகப் போய்ப் புத்தகங்களை வாங்கிக்கொண்டார். அன்று மீதி நேரம் கரும்பலகையில் பூனையும் மேசையும்.

அந்த வருடம் ஏழாம் வகுப்பில் பாதிப்பேர் தேறினார்கள். கெனெவே தேர்வுக்கு வரவில்லை. இப்போது அவள் தலைநகர் மசேருவில் ஒரு தையல் ஆலையில் கால்சட்டைக்குப் பை வைத்துத் தைக்கிறாள். அம்மாவுக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறாள். லெபுசா இன்னும் பள்ளிக் குழுவில் இருக்கிறார். மாபூலெங் அடுத்த வருடமே கேட்டு வாங்கிக்கொண்டு ஒன்றாம் வகுப்புக்குப் போய்விட்டார். அங்கேதான் இருக்கிறார், எழுத்து சொல்லிக்கொடுக்கிறார். ஏழாம் வகுப்பு இப்போது என்னிடம். பொதியை நான் மறுபடி கயிறு போட்டுக் கட்டி வைத்துவிட்டேன்.